பிலோமினா சொன்ன மொழிபெயர்ப்பு

1986, ஆகஸ்ட், செவ்வாய் இரவு.

தங்கச்சி வீட்டு டிவிக்கு ஆறு மாதம் சக்கரவர்த்தியாக இருந்தேன். இன்று கிரீடம் கழன்றது.

மில் தொழிலாளி குடும்பம் ஒன்று ஒரே அறையில் சண்டை போட்டுச் சிரித்து வாழும் இந்தி நாடகம். எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். ஆனாலும் பார்க்க வரும் தெருவுக்கே நான்தான் கதை சொல்வேன். அந்தக் குடும்பத்தோடு ஒட்டியிருக்கும் மாமாவை, ஒரே மூச்சில் மூன்று புலி அடித்த சுபேதாராக்கி வைத்திருந்தேன்.

இன்று தங்கச்சி மகள் பிலோமினா ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். அவள் பள்ளியில் இந்தி படிக்கிறாள்.

"புலியும் இல்ல, நரியும் இல்ல மாமா. அந்தாளு வேல வெட்டி இல்லாம குந்திக்கினு துன்றாராம். எப்ப வூட்ட வுட்டுப் போவாருன்னு கேக்கறாங்க."

தெருவே சிரித்தது. அவள் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இன்னா மச்சான், நம்ம வூட்டுக் கதைய டில்லிக்காரனுக்கு எவன் சொன்னான்?" என்றார்.

எட்டு ஊருக்குக் கேட்கும்படி நானும் சிரித்தேன். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. புருஷன் பக்கம் குனிந்து, "கிறிஸ்மஸ் வரைக்கும் அண்ணன் இங்கயே இருக்கட்டும்னு ஒத்துக்கினீங்க இல்ல? அதுக்குள்ள இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?" என்றாள் மெல்ல.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்குள் அப்படியொரு ஒப்பந்தம் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு எனக்குச் சோறு போட்டாள். மலையளவு போட்டாள். ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.