காலியாக விட்ட கட்டம்

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது? மருந்தை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் குடியுங்கள்.

ஒரு செய்தி. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் பிழை பார்ப்பதற்காகவாவது கடைசி வரை படிப்பீர்கள். பதினெட்டாம் தேதி ரேஸ் டிராக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறேன். பந்தயம் இல்லை, புதியவர்களுக்கான பயிற்சி நாள். எதிரே லாரி வராது, குறுக்கே நாய் வராது. ஆம்புலன்ஸ் காலையிலிருந்தே அங்கே நிற்கும்.

நான் மூன்று வருடமாக வண்டி ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். அப்பா சாலை விபத்தில் போனதிலிருந்து நம் வீட்டில் ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, இப்போது நாற்பத்திரண்டு. இன்றும் வளைவு வந்தால் கை மரத்துப்போகிறது. ஒரு நாளாவது பயமில்லாமல் திரும்ப வேண்டும், அம்மா.

'போய் வா' என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள் வாலு

மார்ச் 7

மகளுக்கு,

இருமல் பரவாயில்லை. உன் கடிதத்தில் இரண்டு இடங்களில் காற்புள்ளி இல்லை, போகட்டும்.

ஆம்புலன்ஸ் காலையிலிருந்தே நிற்கும் என்பதை நல்ல செய்தி போல எழுதியிருக்கிறாய். விருந்துக்கு அழைத்துவிட்டு, வயிற்றைக் கழுவ டாக்டரும் வருகிறார் என்று சொல்வது போல இருக்கிறது.

கான்வென்டில் எனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டார். நானும் ஒரு முறைதான் சொல்வேன். போக வேண்டாம். மீறிப் போவதானால் என் தொலைபேசி எண்ணை அங்கே யாரிடமும் கொடுக்காதே. அந்த மாதிரி அழைப்பு ஒன்றை நான் ஏற்கெனவே எடுத்தாயிற்று.

'போய் வா' என்ற வரியை உன் அப்பாவுக்கு வாசலில் நின்று தினமும் சொன்னேன்.

அம்மா

மார்ச் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்துக்கு மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். வலது காறை எலும்பு முறிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடமாக எக்ஸ்ரே எடுக்கிற எனக்கு இன்னொருத்தி எடுத்தாள். "மூச்சப் புடிச்சுக்கோங்கக்கா, அசையாதீங்க" என்று என் வசனத்தை என்னிடமே சொன்னாள்.

போனதும் வண்டியின் பக்கக் கண்ணாடிகள் மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள். "அப்போ பின்னாடி எப்படி சார் பாக்கறது?" என்றேன். பயிற்சியாளர் சிரித்தார். "பின்னாடி வர்றவன் உங்களப் பாத்துக்குவான்மா. நீங்க போகவேண்டிய இடத்தப் பாருங்க. எதப் பாத்து பயப்படறீங்களோ, வண்டி நேரா அங்கதான் போகும்."

வாடகைக்குத் தந்த தோல் உடுப்பில் யாருடைய வியர்வையோ நாறியது. முதல் சுற்றில் எருமை மாதிரி ஊர்ந்தேன். மூன்றாம் முறை உள்ளே போனபோது வளைவின் உட்பக்கம் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பை மட்டும் பார்த்தேன். வண்டி தானாகச் சாய்ந்து திரும்பியது. கை மரக்கவில்லை, அம்மா. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். மத்தியானம் எனக்கு முன்னால் போனவர் சறுக்கிப் புல்லில் இறங்கினார். கூம்பை விட்டு அவரைப் பார்த்தேன். அவர் போன இடத்துக்கே நானும் போய்ச் சேர்ந்தேன்.

உங்கள் எண்ணைக் கொடுத்தது என் தப்பு. படிவத்தில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று ஆறு வயதில் என் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லித் தந்தவர் நீங்கள். விட முடியவில்லை. எழுத வேறு யாரும் எனக்கு இல்லை.

நர்ஸ் உங்களை அழைத்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். "நீங்க அவங்க அம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

"ராங் நம்பர் போலக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். ஆமாம் என்றேன்.

ஏன் என்று மட்டும் எழுதுங்கள்.

வாலு

மார்ச் 27

மகளுக்கு,

எண்ணைக் கொடுக்காதே என்று எழுதினேன். கொடுத்தாய். இதில் நான் விளக்க என்ன இருக்கிறது?

எலும்பு கூட ஆறு வாரம் ஆகும். கையைத் தொங்கவிட்டுக்கொள்ளக் கைத்தூளி ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன். கடையில் விற்பது கழுத்தை அறுக்கும். பழைய பருத்திப் புடவை, மூன்றாக மடித்துத் தைத்தது. மல்லாந்து படு.

அம்மா

ஜூன் 30

அம்மாவுக்கு,

எலும்பு கூடிவிட்டது. தூளி அளவு சரியாக இருந்தது. இரவில் அதைக் கழற்றாமலே தூங்கினேன். நீங்கள் இன்னொரு வரி எழுதுவீர்கள் என்று மூன்று மாதம் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி டிராக்குக்குப் போனேன். விழவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "ஏம்மா, கூப்பிட யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். உங்கள் அளவுக்குத் தெளிவாக வரவில்லை.

தூளியைத் திருப்பி அனுப்புகிறேன். துவைத்திருக்கிறது.

செப்டம்பர் 9

மகளுக்கு,

உன் ஜூன் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் உறை பிரிக்காமல் திரும்பி வந்தன. அவற்றில் புத்திமதிதான் இருந்தது, உனக்கு நஷ்டமில்லை. இதில் புத்திமதி இல்லை.

முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், உன் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அறியாத குரல். "நீங்க அவரோட மனைவியா?" என்று கேட்டது. "ஆமாம்" என்றேன். நான் அதைச் சொல்லும் வரை உன் அப்பா ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்தார். சொன்ன பிறகுதான் இறந்தார்.

மார்ச் பதினெட்டாம் தேதி அதே கேள்வியை இன்னொரு குரல் கேட்டது. இந்த முறை வேறு பதில் சொல்லிப் பார்த்தேன். நீ பிழைத்திருக்கிறாய். நான் சொன்னது தப்பு என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதச் சொன்னால் இதற்கு மேல் வராது.

அன்று முழுவதும் தொலைபேசியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இரண்டாம் முறை அழைக்கவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தின் அடியில் பெயர் இல்லை. கையெழுத்தில்லாத கடிதத்தை நான் வைத்துக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும். இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடியில் ஒரு சொல்லுக்கு இடம் இருக்கிறது. காலியாக விடாதே.

அம்மா