டப்பி என்றால் பேய் என்றாய்

இன்று காலை லண்டனில், லூயிஷாம் பஸ்ஸின் மேல்தட்டில் எனக்கு முன்னால் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி எதையோ சொல்லிக்கொண்டு வந்தவள், இடையில் ‘டப்பி’ என்றாள். மற்றவள் சிரித்தாள். இரண்டு தரிப்புகள் முன்னரே இறங்கி மகள் டிலானிக்கு அழைப்பு எடுத்தேன். “அம்மா, லெக்சர்ல இருக்கிறன்” என்று கிசுகிசுத்தாள். அந்தக் குரல் போதுமாயிருந்தது. அதன்பிறகுதான், நடைபாதையில் நின்றபடி, உன்னை நினைத்தேன். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

அந்தச் சொல்லை முதன்முதலில் எனக்குச் சொன்னவள் நீதான். நீ வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையில் நான் சேர்ந்த புதிதில், கோழி பொரிக்கும்போது ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். எங்கள் மன்னாரில் பொரித்த இறைச்சியை வெளியே கொண்டுபோவதென்றால், பேய் தொடராமலிருக்க ஒரு கரித்துண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள் என்று. நீ கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாய். “உங்கட ஊரிலயும் டப்பி இருக்கோ!” நீ ஜமேக்காவில் பிறந்தவள். நாம் பேசியது ஆங்கிலம்தான். உன்னுடையது ஒரு மாதிரி, என்னுடையது இன்னொரு மாதிரி. ஆனாலும் நினைவில் நீ என்னோடு தமிழில்தான் பேசுகிறாய்.

டப்பி என்றால் பேய். எங்கள் ஊரில் அது புளியமரத்தில் இருக்கும், உங்கள் ஊரில் இலவமரத்தில். வாசலில் அரிசி தூவினால் எண்ணத் தொடங்கும், மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். உங்கள் முன்னோரைக் கப்பலில் பிடித்து வந்தபோது இந்தச் சொல்லும் ஆப்பிரிக்காவிலிருந்து கூடவே வந்தது என்று உன் அம்மா சொல்வாராம். “எந்த ஊர்ச் சொல்லு எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. ஆக்களையே எந்த ஊர் எண்டு எழுதி வைக்கேல்லை. சொல்லை ஆர் எழுதி வைப்பினம்?” என்றாய்.

ஆகையால் ஒரு வியாழக்கிழமை காலை அந்தச் சொல்லைக் கண்டபோது நான் பயப்படவில்லை. டிலானிக்கு அப்போது பதினைந்து வயது. அவள் மேசையில் விட்டுப்போன டேப்லட்டில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நாலு மணிக்கு ஹோலுக்கு வா, உன்னை டப்பி ஆக்குவேன் என்று இருந்தது. சந்தைக்கு அப்பால் பிள்ளைகள் விளையாடக் கூடும் மண்டபத்தைத்தான் ஹோல் என்பார்கள். ஏதோ பேய் வேஷம் கட்டும் விளையாட்டு என்று நினைத்தேன். பின்னேரம் தட்டுகளைக் கழுவும்போது உனக்கு அதைப் பகிடியாகச் சொன்னேன்.

நீ சிரிக்கவில்லை.

“அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கோ?”

“ஓம்.”

“இப்ப எத்தினை மணி?”

மூன்றரை. நீ ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே, இரண்டு வருடங்களாக எனக்குச் சொல்லாததைச் சொன்னாய். இந்த நகரத்துப் பெடியள் அந்தச் சொல்லைக் கொலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்றாய். ஒருவனைப் பேயாக்குவதென்றால் அவனைக் கொல்வது. உன் தங்கையின் மகனுக்கும் இப்படித்தான் ஒரு செய்தி வந்தது. அவனும் சிரித்துவிட்டுத்தான் போனானாம். திரும்பி வரவேயில்லை என்றாய்.

ஓடினோம். டிலானியின் போன் அடித்தது, எடுக்கவில்லை. சந்தைக்குள் தக்காளிப் பெட்டிகளில் இடறி, ஆட்களைத் தள்ளி ஓடினேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிய செபம் அடுத்த வரிக்குப் போகவேயில்லை. முழங்கால் வருத்தத்தோடு நீ எனக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்தாய், “நிக்காதை, போ” என்று கத்திக்கொண்டு. ஹோல் வாசலில் நின்றபோது உள்ளே பல பெண்பிள்ளைகள் ஒரேயடியாகக் கிறீச்சிட்டார்கள். என் கை கதவில் இருந்தது, தள்ள ஏலவில்லை. நீ வந்து தள்ளினாய்.

உள்ளே ஒரு மேசைப்பந்து மேசை. வியர்த்து விறுவிறுத்து மட்டையோடு நின்றாள் டிலானி. எதிரே, செய்தி அனுப்பிய சிநேகிதி வென்ற களிப்பில் இரண்டு கைகளையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற பிள்ளைகள் அந்தச் சொல்லையே சொல்லிச் சொல்லிக் கைதட்டினார்கள்.

“அம்மா? வை ஆர் யூ ஹியர்?”

அவளைக் கட்டிக்கொண்டு முதுகில் அடித்தேன். அடித்தபடியே அழுதேன். “அது நல்லா வெல்லுறதுக்குச் சொல்லுறது, அம்மா! எவ்ரிபடி சேய்ஸ் இட்” என்று அவள் வெட்கத்தில் சிவந்தாள்.

நீ சுவரோரத்து வாங்கில் இருந்துவிட்டாய். டிலானி தண்ணீர் கொண்டுவந்து உன் முன்னால் குந்தினாள். “சொறி, அன்ரி.”

“அந்தச் சொல்லு என்ன எண்டு தெரியுமோ, பிள்ளை?”

“வெல்லுறது.”

“அதுக்கு முதல்?”

அவள் தோளைக் குலுக்கினாள். மற்றப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நீ வாயைத் திறந்தாய். அந்த முகங்களைப் பார்த்தாய். பிறகு இலவமரத்தைப் பற்றிச் சொன்னாய், அரிசியைப் பற்றிச் சொன்னாய். மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாத பேயை நினைத்து அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேய்க்கும் வெற்றிக்கும் இடையில் இருந்த கொலை என்ற பொருளை நீ சொல்லவில்லை.

திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்து நடந்தாய். “அவையளுக்கு அது விளையாட்டாவே இருக்கட்டும். ஆனா அடுத்தமுறை வந்தாலும் நான் ஓடுவன்” என்றாய். மூன்று வருடம் கழித்து உன் நுரையீரலில் வந்த வருத்தம் உன்னைக் கட்டிலில் விழுத்தியபோதும், என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, “டிலானி வீட்டுக்கு வந்திட்டாளோ?”

உன்னிடமிருந்து எனக்குத் தைரியம் ஒட்டவில்லை. பயம்தான் ஒட்டியது. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் பிள்ளைகளின் வரிசையில் மாதத்துக்கு ஒரு புதுச்சொல் வருகிறது. விளங்காத சொல் காதில் விழுந்தால் பரிமாறுவதை நிறுத்திவிட்டு, அதென்ன என்று கேட்பேன். சிரிப்பார்கள். விளக்குவார்கள். போன கிழமையும் அப்படித்தான் ஒருத்தி முன்னால் நின்றவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள். கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், முன்னால் நின்றவளைத் தவிர. பன்னிரண்டு வயதிருக்கும். தட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

அகப்பையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து அவளுடைய கையைப் பிடித்தேன். ஆசிரியரின் அறைவரை போனோம். அந்தப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து, அவர்கள் தன்னை மிரட்டிவந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை என் விரல்களை விடவில்லை.