கேட்காமல் வந்தது

புனே

அன்புள்ள அப்பாவுக்கு, ஆரோக்கியசெல்வி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நலம்.

ஆபீஸ் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சாஃப்ட்வேர் ஏற்றுவதுதானே என் வேலை. நேற்று ஒன்றைத்தான் கேட்டேன். கேட்காத இன்னொன்றும் கூடவே ஏற வந்து, ஏற்றலாமா என்று திரையில் கேட்டது. மேனேஜர், சும்மா எஸ் கொடு என்று எரிந்து விழுந்தார். நான் கொடுக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் அது ஆபீஸ் ரகசியங்களைத் திருட வந்த சரக்கு! கவலைப்படாதீர்கள், உள்ளே விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம், நம் செலியமேட்டு நிலத்துக் கரும்பு வெட்டியாச்சா என்றுதான் கேட்டேன்.

"ஆச்சுடி. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீறாரு" என்றாள்.

உங்களைப் பற்றி நான் கேட்கவே இல்லையே அப்பா. போனையும் உங்களிடம் தரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தேதி தெரிகிற மாதிரி அன்றைய பேப்பரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உங்களைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி தங்கச்சி ரோஸ்லினிடம் சொல்லுங்கள். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உட்கார்ந்த போட்டோ வேண்டாம் அப்பா.

செல்வி