சாம்பல் கிளி வாய் திறந்தது

என்னங்க,

முதலில் நல்ல சேதி. நம் கிளி வக்கீல் பிழைத்துவிட்டார். புகை நுரையீரலைத் தொடவில்லை, இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் கிண்ணத்தில் கேரட் நறுக்கி வைத்திருக்கிறேன். தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் அடுப்பில் வைத்துக் கருக்கிய நான்ஸ்டிக் வாணலியைத் தூக்கி எறிந்துவிட்டேன். அந்தப் புகை கிளிக்கு ஆகாது. முட்டையை இனி இரும்புச் சட்டியில் பொரியுங்கள்.

நாலு நாளாக வாயே திறக்காதவர் இன்று காலை பேசினார். அதுவும் என் குரலில்! "அறிவிருக்கா உனக்கு? அடுப்பப் பத்த வச்சுட்டுத் தூங்குவியா?" அன்று நான் உங்களைப் பார்த்துக் கத்தியது, சொல்லுக்குச் சொல் அப்படியே. கேட்டதும் சந்தோஷத்தில் அழுதேன். ரெண்டாவது தடவை கேட்டபோதுதான் கூசிப்போனேன். என் குரல் அவ்வளவு கர்ணகடூரமா? இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் கண்ணயராமல் என்ன செய்வார் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது என்று உங்களுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். சாப்பிட்டுத் தூங்குங்கள்.

பி.கு: வேறொரு வாக்கியம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், அரைமணி நேரம், மெதுவாக. வக்கீல் மசியவில்லை. கத்திச் சொன்னால்தான் அவர் மண்டையில் ஏறும் போலிருக்கிறது. சாயங்காலம் வந்து உங்கள் முன்னாலேயே கத்துகிறேன்: "தப்பு என்மேலதாங்க!"