காரை விற்க மாட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன? நான் நலம். காரும் நலம்.

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவை ஏற்றிக்கொண்டு, இரண்டு நாள் விடுமுறையில் கடலோரமாகப் போய்வந்தேன். கலங்கரை விளக்கத்தில் ஏறினோம், மீன்பிடித் துறைமுகம் பார்த்தோம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கார் கொஞ்சம் மணலில் இறங்கிவிட்டது. கொஞ்சம் என்றால் பாதிச் சக்கரம்.

"யாரையாவது கூப்பிட்டு இழுக்கச் சொல்லுடி. மிதிச்சு மிதிச்சுக் குழி தோண்டாத" என்றார் அக்கா.

நான் இறங்கி, நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன். ஆற்று மணலில் லாரி சிக்கினால் நீங்கள் செய்வதுதான். பிறகு மெதுவாக ரிவர்ஸ் எடுத்தேன். வந்துவிட்டது. பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்து போய்க் காற்றடித்துக்கொண்டோம்.

"யாருடி சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பாதான். ஆனா அவருக்கே அது தெரியாது."

"பொம்பளப் பிள்ளைக்கு ஸ்டியரிங் எதுக்கு, வித்துத் தொலை" என்று போனில் சொன்னீர்கள். விற்க மாட்டேன் அப்பா. அடுத்த விடுமுறைக்கு அதே சாலையில் இன்னும் தூரம் போவேன்.

அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, தனியாகத்தான் போக வேண்டும். டயரில் காற்று பார்க்கும் மீட்டர் பழையது ஒன்று இருந்தால் அனுப்புங்கள். லாரி ஓட்டும்போது பாடுவீர்களே, அதையும் போனில் பதிந்து அனுப்புங்கள். திட்டுவதானால் அதிலேயே திட்டிவிடுங்கள். ஓட்டிக்கொண்டே கேட்கிறேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்