நெருப்போரம் இருந்த கேத்தில்

ஓகஸ்ட் 27, புதன்

காலையில் மழை, பிறகு புழுக்கம். மருந்துத் தொழிற்சாலையில் இன்று முழுக்கக் குளிசைப் பெட்டி அடுக்கல். முழங்கை வலி.

சனிக்கிழமைப் பயணத்துக்கு:
நுளம்புக்குப் பூசுகிற எண்ணெய்
டோர்ச், பற்றரி
கம்பளிக் காலுறை, என் மனுசன் ரா.வுக்கும்
பிட்டு (பதினான்கு பேருக்கு!), மீன் குழம்பு, இடித்த சம்பல்
செபமாலை

நீண்ட வார இறுதி. எங்கள் தேவாலயப் பங்கு ஆட்கள் வடக்கே காட்டுக்குப் போகிறோம், இரண்டு இரவு. ஆதிக்குடிப் பெண் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாராம். காட்டு நடை, மரப்பட்டை வேலை, ஏரிக்கரையில் சூரியன் மறையும் நேரத்துச் சாப்பாடு. அன்ரனி அண்ணை தொலைபேசியில் பெயர்ப் பட்டியல் வாசித்தார். கடைசிப் பெயர் மச்சாளுடையது. எனக்குப் பயணமே பாதி கசந்துவிட்டது.

என் சொந்த அண்ணை, மச்சாளின் மனுசன், இறந்து ஐந்து மாதம். மச்சாள் (இனி ம. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது) பியர்பொன்ட்ஸ் வீட்டில் தனிய. செப்ரெம்பர் 20 நாட்டின் மறுபக்கம் எட்மன்டனுக்கு, மகனிடம், ஒரேயடியாகப் போகிறார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பூசை முடிந்து வாசலில் வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடம் ஒரே நகரத்தில் ஒன்றாக இருந்திருக்கிறோம்.

நான் என்ன குறை வைத்தேன்? முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மண்டபத்தில் வைத்து, எங்களோடு வந்து இருங்கோ என்று கேட்டேன்தானே. வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல் என்றார். சரி மச்சாள் என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

ரா. என் காலுறையையும் சேர்த்துத் தன் பைக்குள் வைத்துவிட்டார். தேடித் தேடிக் களைத்தேன்.

ஓகஸ்ட் 30, சனி

வெயில், நல்ல காற்று. பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம். கடைசி ஒரு மணித்தியாலம் மண் ரோட்டு. ம. முன் சீட்டில், நான் பின் சீட்டில். ரா. லவால் பாலம் தாண்டும் முன்பே நித்திரை.

வழிகாட்டியின் பெயர் லிசெட். அத்திகமேக் இனத்தவர். என் வயதுதான் இருக்கும், அறுபது. குள்ளம், அகன்ற தோள், ஆண்களின் சப்பாத்து. எங்களுக்காகப் பிரெஞ்சை மெல்ல, ஆறுதலாகப் பேசினார். என் தொழிற்சாலைப் பிரெஞ்சுக்கே முக்கால்வாசி விளங்கியது. ஒரு சொல்லும் வீணாகச் சொல்ல மாட்டார். பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது.

இறங்கியதும் நெருப்பில் கேத்தில். தேத்தண்ணீரும் சட்டியில் சுட்ட ரொட்டியும். வேண்டுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பதினான்கு பேரும் சிரித்த முகத்தோடு நோன் மெர்சி, வேண்டாம். முதல் தரம் கேட்டவுடனே ஓம் என்று நீட்ட முடியுமா? என்ன நினைப்பார்கள்? அவர் தலையாட்டினார், கேத்திலுக்கு மூடி போட்டார், குடில்களைக் காட்டப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இரண்டாம் தரம் கேட்கவே இல்லை.

அன்ரனி அண்ணை என் காதுக்குள்: “இன்னொருக்காக் கேட்டாத்தானே பிள்ளை குடிக்கிறது.” நாக்கு வறண்டு ஆளை ஆள் பார்த்தபடி நின்றோம். ஒரு மணித்தியாலம் கழித்து பஸ்ஸுக்குப் பின்னால் கள்ளர் மாதிரிப் பிட்டுப் பெட்டியைத் திறந்தோம். லிசெட் வந்துவிட்டார். எல்லார் கையும் வாயில்.

அவர் கோபிக்கவில்லை. எட்டிப் பார்த்தார். இது என்ன, எனக்கும் கொஞ்சம் தரலாமா என்று நேரே கேட்டார். ஒரு கூச்சமும் இல்லை. சம்பல் உறைத்துக் கண்ணீர் ஓடியது. துடைத்துக்கொண்டு இன்னும் கேட்டார். வேண்டியதை வேண்டும் என்று சொல்வது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

குடிலில் தரை முழுக்கப் பச்சை ஊசியிலைக் கிளைகள் பரப்பி இருக்கிறது. வாசம். ரா. சொன்னார், நத்தார் மரத்துக்குள் படுத்த மாதிரி இருக்காம். உண்மை.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் ஏரி முழுக்கப் பனிப்புகை. பூசை இல்லாத ஞாயிறு, செபமாலை சொன்னோம். லிசெட் தொப்பியைக் கழற்றித் தூரத்தில் நின்றார்.

காட்டு நடை மூன்று மணித்தியாலம். நினைவில் நிற்பவை:

அவர்களுக்கு வருடத்தில் ஆறு பருவம். எங்களுக்கு இங்கே இரண்டுதான், குளிரும் ரோட்டுத் திருத்தமும். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரிய மானின் அடித்தடம். கடைசி மழைக்கு முன்பா பின்பா என்று தடத்தின் ஓரத்தைத் தொட்டுச் சொன்னார்.

வெள்ளைப்பட்டை மரத்தில் பட்டை உரிக்க முன் வேரடியில் ஒரு சிட்டிகை புகையிலை வைத்தார். கொடுக்காமல் எடுப்பதில்லையாம். மரம் சாகாதா என்று ம. கேட்டார். உள்பட்டையைத் தொடாவிட்டால் சாகாது என்றார்.

பிறகு மரப்பட்டைக் கூடை தைத்தல். நூல் இல்லை, மரவேரைப் பிளந்த நார். எங்கள் எல்லாருடையதும் நாசம். ரா. தன் விரலைத் தைத்துக்கொண்டார். ம. மட்டும் பேசாமல் தைத்தார். இருபத்திரண்டு வருடம் குளிர்ச்சட்டைத் தொழிற்சாலையில் தைத்த கை. தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவு. லிசெட் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கூடையை ம.வின் முன்னால் வைத்து, இந்த மூலையை எனக்குத் தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். ம.வின் முகத்தில் ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பக்கத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாலை. ஏரிக்கரையில் நீளப் பலகை மேசை, நெருப்பு, புகையில் வாட்டிய ஏரி மீன். சூரியன் மறைவதை எங்கள் பல்கனியிலும் பார்க்கலாம், கிடங்குகளுக்குப் பின்னால் விழும். இது அதுவல்ல. தண்ணீர் முழுக்கச் செம்மஞ்சள், ஒரு அலை இல்லை. கதைத்துக்கொண்டிருந்த அன்ரனி அண்ணையே வாயை மூடினார். அதைப் போட்டோ எடுக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

லிசெட் மீன் தட்டோடு வந்தார். நேற்றுப் படித்த பாடம். எல்லாரும் கேட்ட கையோடு வீ, வீ, ஓம். ம. மட்டும் நோன் மெர்சி. லிசெட் தலையாட்டி அடுத்த ஆளிடம் போனார். ம.வின் தட்டில் ஒன்றுமில்லை. கண் மட்டும் மீன் தட்டின் பின்னால் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய் லிசெட்டிடம், அவருக்கு வேண்டும், இன்னொரு தரம் கேளுங்கள், எங்கள் வழக்கம் அப்படி என்றேன். அவர் யோசித்தார். தங்களுக்குள் அப்படிக் கேட்பதில்லை என்றார். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு திரும்பவும் கேட்டால், அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை என்றாகிவிடும், அது மரியாதை இல்லை. நியாயமாகத்தான் பட்டது.

திரும்பி வந்து ம.வுக்கு அதைச் சொன்னேன், பகிடி மாதிரி. அவர் ஏரியைப் பார்த்தபடி சொன்னார்:

“அவ ஒருக்காத்தான் கேப்பா, விளங்குது. அவேன்ர முறை அது. நீ ஏன் ஒருக்காக் கேட்டிட்டு விட்டனி?”

கையில் எடுத்த மீனைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

என் தட்டிலிருந்து பாதி மீனை அவர் தட்டில் வைத்தேன். முள்ளெடுத்து முழுக்கச் சாப்பிட்டார். பசி.

செப்ரெம்பர் 1, திங்கள்

குளிர். வாயால் புகை வந்தது. நித்திரை இல்லை. இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும்.

அன்று மண்டபத்தில் அவர் வேண்டாம் என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. சென்ட் லோரன்ட்டில் எங்கள் வீட்டின் இரண்டாவது அறை. மகள் கல்யாணம் முடித்துப் போன பிறகு அது என்னுடையது. ஒரு கதிரை, ரேடியோ, பூச்சாடிகள். ஆறு சகோதரங்களோடு வளர்ந்து, கல்யாணம், பிள்ளை, பிறகு இந்த வயதில்தான் எனக்கென்று ஒரு கதவு. அதனால்தான் அவர் வாயிலிருந்து வேண்டாம் விழுந்ததும் பிடித்துக்கொண்டேன். தேத்தண்ணீர் என்றால் மூன்று தரம் கேட்கிறவள் நான். ஒரு மனிசியை ஒரு தரம் கேட்டேன்.

காலைச் சாப்பாட்டுக்கு முன் ஏரிக்கரையில் நீலப்பழம் ஆய்ந்தோம். ம.வின் பக்கத்துப் பற்றைக்குப் போனேன்.

“எங்களோட வந்து இருங்கோ மச்சாள். உண்மையாத்தான் கேக்கிறன்.”

“வேண்டாம்.”

அவ்வளவுதான். பழம் ஆய்ந்துகொண்டே இருந்தார். மூன்றாம் தரம் கேட்க வாய் வரவில்லை. எங்கள் முறைப்படி கேட்க வேண்டும். லிசெட்டின் முறைப்படி கேட்டால் அவமரியாதை. எந்த வேண்டாம் உண்மை வேண்டாம் என்று எப்படித் தெரியும்?

போய் லிசெட்டிடமே கேட்டேன், பெயர் சொல்லாமல். பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தார். கறுத்த கேத்திலைத் தூக்கிக் காட்டினார். முதல் நாள் நீங்கள் எல்லாரும் வேண்டாம் என்றீர்கள், நான் மூடி போட்டேன், ஆனால் இதை எடுத்துக்கொண்டு போனேனா? நெருப்போரமே விட்டுவிட்டுத்தான் போனேன், கோப்பைகளும் பக்கத்திலேயே. இரண்டு மணித்தியாலம் சூடாக இருந்தது. நீங்கள்தான் ஒருவரும் வரவில்லை.

உண்மைதான். பதினான்கு பேர், ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கேட்பாரா மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

இந்த மனிசியைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். சவர்க்கார நுரையோடு அவரும் பிடித்தார். மிஞ்சியிருந்த சம்பலைப் போத்தலோடு கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை!

பஸ்ஸில் ம. என் பக்கத்து சீட்டில் வந்து இருந்தார். லிசெட்டின் கூடை மடியில். மூலை தைத்ததற்கு அவரே கொடுத்தாராம். பாதி வழியில் ஒரு தோடம்பழ இனிப்பு எடுத்து என் கையில் வைத்தார்.

செப்ரெம்பர் 3, புதன்

வேலை. புதிதாக வந்த பிள்ளை லேபலை மாறி ஒட்டி, இருநூறு பெட்டி திரும்ப. உடம்பு முழுக்க நுளம்புக்கடி.

வந்து அறையைத் துப்பரவாக்கினேன். பூச்சாடிகள் குசினி யன்னலுக்கு. ரேடியோ ஹோலுக்கு. கதிரையை மட்டும் விட்டேன். இல்லை, கதிரையையும் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவருக்கும் இருக்க வேண்டுமே. கொஞ்சம் அழுகை வந்தது. எனக்காகத்தான்.

ரா. வாசலில் நின்று பார்த்தார்.
“மச்சாள் ஓம் எண்டவவோ?”
“இல்லை.”
“பேந்தென்ன?”
மகளின் பழைய கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். கட்டிலை நகர்த்த உதவி செய்தார். அதுவே போதும்.

செப்ரெம்பர் 4, வியாழன்

மெற்றோவுக்குப் பக்கத்துக் கடையில் எங்கள் வாசல் கதவுக்கு இன்னொரு திறப்பு வெட்டுவித்தேன். முதல் வெட்டியது பூட்டுக்குள் போகவில்லை. திரும்பப் போய் வெட்டி, கதவில் போட்டுப் பார்த்து, சரி.

ரா.வின் கொலஸ்ரோல் குளிசை முடிகிறது. மறக்கக் கூடாது.

செப்ரெம்பர் 6, சனி

பியர்பொன்ட்ஸ். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம், இரண்டு மாற்றம். மழைத் தூறல்.

ம.வின் வீடு முழுக்க மட்டைப்பெட்டி. அண்ணையின் கோட்டுகள் தனியாக மடித்து. எட்மன்டனில் மகனும் மருமகளும் காலை ஆறு மணிக்குப் போனால் இரவுதானாம், சுற்றிவரத் தமிழ் ஒருவரும் இல்லையாம். குறையாகச் சொல்லவில்லை, காலநிலை மாதிரிச் சொன்னார். அண்ணைக்குப் பிறகு யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் தானே நாடா ஒட்டுகிறார். அந்தத் தைரியம் எனக்கு வராது.

இரண்டு பெட்டி நானும் ஒட்டினேன். தேத்தண்ணீர் தந்தார், மூன்று தரம் கேட்டுத்தான். எழும்பும்போது திறப்பை மேசையில் வைத்தேன்.

“இதென்ன?”

“எங்கட வீட்டுத் திறப்பு. அறை ஒதுக்கியாச்சு.”

“நான் வாறன் எண்டு சொல்லேல்லையே.”

“நான் இப்ப கேக்கேல்லை மச்சாள். அது அங்க கிடக்கட்டும்.”

அவர் திறப்பைத் தொடவில்லை. திருப்பித் தரவும் இல்லை. நாடாவைக் கிழித்து அடுத்த பெட்டியை ஒட்டத் தொடங்கினார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

வெயில். பூசைக்கு ம. வரவில்லை. ஒருநாளும் பூசை தவறாத ஆள். நேற்று நான் கூடிப்போய் நடந்துவிட்டேனோ? அன்ரனி அண்ணை அடுத்த வருடமும் காட்டுக்குப் போவோம் என்கிறார், அந்தத் தரம் கேட்டவுடனேயே தேத்தண்ணீர் குடிப்போமாம்.

மத்தியானம் சோறு, பருப்பு, நண்டுக்கறி. மூன்று பேருக்கு அளந்து அரிசி போட்டிருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை. ரா. கேட்டார். கைதவறிவிட்டது என்றேன்.

வாங்க வேண்டியவை: ரா.வின் குளிசை, வெங்காயம், பாத்திரச் சவர்க்காரம், தலையணை உறை

வாசல் கதவில் யாரோ திறப்புப் போடுகிற சத்தம். ரா. என் பக்கத்தில் சோபாவில்தான் படுத்திருக்கிறார்