அரக்கு நிறக் கூறை

இஞ்சாருங்கோ,

கப்பலில் சுகமாயிருப்பீர்கள். நேற்று மருமகனின் தாய் தகப்பன் திருகோணமலையிலிருந்து வந்தார்கள். மகள் செத்து வருசமாகுது, ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்க்கத்தான் என்று நினைத்தேன். யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்கவேணும் என்றார்கள். நல்லூர், கோட்டை, நூலகம் எல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு புடவைக்கடைக்குள் சம்பந்தியம்மா கலியாணக் கூறைச் சேலை காட்டச் சொன்னா.

"ஆருக்குச் சம்பந்தி?" என்றேன்.

"உங்கடை மருமகனை இப்பிடியே தனிய விடேலுமே? ஆவணியிலை முடிக்கிறம். நீங்களே ஒண்டு எடுத்துத் தாங்கோ."

கிட்டக் கிடந்த அரக்கு நிறத்தைத் தொட்டேன்.

"ஐயோ, உது வேண்டாம். போனமுறையும் உதுதானே எடுத்தது" என்றா.

கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். வீட்டுக்குக் கூட்டிவந்து சோறும் போட்டேன். என்னை ஏசாதேங்கோ.

பிள்ளையின் அம்மா